பழைய கண்ணாடிப் பேப்பர்வெயிட்டைச் செய்தது யார்? தேதியைக் கடைசியில் பாருங்கள்

என்னிடம் ஒரு கண்ணாடிப் பேப்பர்வெயிட் இருக்கிறது. உள்ளே வட்டம் வட்டமாகப் பொடிப் பூக்கள். வெளி வட்டத்தில், பூக்களுக்கு நடுவே, 1848 என்ற எண். விற்றவர் "பக்காரா, பிரான்ஸ், 1848" என்று எழுதியிருந்தார். பக்காரா என்பது பிரான்ஸின் பெயர்பெற்ற கண்ணாடிப் பட்டறை. அந்த எண்ணைப் பார்த்ததும் நான் மேற்கொண்டு எதையும் பார்க்கவில்லை. அதுதான் செய்த தப்பு.

அது பக்காரா இல்லை, 1848-உம் இல்லை என்று தெரிய எட்டு மாதம் ஆனது. நடுவில் ஒரு மதிப்பீட்டாளருக்குக் கட்டணம் கட்டினேன். அவர் போட்டோவை மட்டும் பார்த்து "பிரெஞ்சு, 19-ஆம் நூற்றாண்டு" என்று எழுதிக் கொடுத்தார். இன்னொருவரிடம் நேரில் கொண்டுபோனபோது, அவர் முதலில் உருண்டையைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தார். பூவையும் எண்ணையும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கால் மணி நேரத்தில் விஷயம் முடிந்துவிட்டது.

அவர் பார்த்த அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். பாட்டி வீட்டு அலமாரியில் கிடைத்ததோ, ஏலத்தில் எடுத்ததோ, உங்கள் கையில் ஒன்று இருந்தால் இதே வரிசையில் போங்கள். அவசரப்பட்டு ஏழாம் படிக்குத் தாவாதீர்கள்.

தொடங்குமுன் ஒரு சொல். இந்த உருண்டைகளுக்குள் இருக்கும் பொடிப் பூக்கள், வண்ணக் கண்ணாடியை நீளமான கோலாக இழுத்து, குறுக்கே நறுக்கிய வில்லைகள். அந்த வேலைப்பாட்டுக்கு மில்லெஃபியோரி என்று பெயர். சேகரிப்பாளர்கள் ஒவ்வொரு வில்லையையும் 'கேன்' என்பார்கள். தண்ணீர் கேன் நினைவுக்கு வந்து தொலைப்பதால் நான் 'கோல்' என்றே எழுதுகிறேன்.

1. தண்ணீரில் காட்டும் முன் காகிதங்களைச் சேருங்கள்

கைக்கு வந்ததும் கழுவத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பாதி கிழிந்த ஸ்டிக்கர், பென்சிலால் எழுதிய எண், ஏலக்கூடத்தின் சிறு வட்டச் சீட்டு, இவை எல்லாம் சான்று. முதலில் அவற்றைப் போட்டோ எடுத்துவிடுங்கள். ஸ்டிக்கர் இருந்தால் அந்தப் பக்கத்தை நனைக்கவே வேண்டாம்.

பிறகு ஒரு நோட்டில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது, அதற்கு என்ன காகிதம் இருக்கிறது. பில், ஏலப் பட்டியலின் பக்கம், பெட்டி, சான்றிதழ், பின்னணியில் அந்த உருண்டை தெரிகிற ஒரு பழைய குடும்பப் போட்டோ, எல்லாமே கணக்கில் சேரும். போட்டோவுக்குத் தேதி தெரிந்தால் இன்னும் நல்லது.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, குடும்பக் கதை. "கொள்ளுத்தாத்தா பாரிஸிலிருந்து கொண்டுவந்தது" என்பதை எழுதி வையுங்கள், ஆனால் 'சொன்னது' என்ற தலைப்பின் கீழ். 'காகிதம் உள்ளது' என்ற தலைப்புக்கு அதை மாற்றிவிடாதீர்கள். இரண்டு, சான்றிதழ். வரிசை எண் போட்ட சான்றிதழும் பட்டுத் துணி வைத்த பெட்டியும் இருந்தால், அது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் செய்து விற்ற பொருள். அதனால் மதிப்பில்லை என்று ஆகாது. செய்தவரைக் கண்டுபிடிக்கும் வேலை உங்களுக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் கழுவலாம். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி. சுடுதண்ணீர் கூடாது. கனத்த கண்ணாடி திடீர்ச் சூட்டைத் தாங்காது, உள்ளுக்குள் விரிசல் விடும். பாலிஷ் எதுவும் போடவேண்டாம். வெயில் விழும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள். உருண்டைக் கண்ணாடி பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவிக்கும், பக்கத்தில் காகிதம் இருந்தால் பற்றிக்கொள்ளும். பேப்பர்வெயிட்டின் வேலையே காகிதத்தின் மேல் உட்காருவது என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

2. அளவும் போட்டோவும்

ஒரு மதிய நேரம் ஒதுக்குங்கள். குறுக்களவு, உயரம், எடை மூன்றையும் குறியுங்கள். குறுக்களவுக்கு வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் இரண்டு புத்தகங்களுக்கு நடுவே உருண்டையை வைத்து இடைவெளியை அளக்கலாம். பெரும்பாலானவை ஆறரையிலிருந்து எட்டு சென்டிமீட்டருக்குள் இருக்கும். ஐந்துக்குக் கீழே என்றால் 'மினியேச்சர்' என்ற தனி வகை.

போட்டோ ஐந்து வேண்டும். நேர் மேலிருந்து ஒன்று, கண் மட்டத்தில் பக்கவாட்டில் ஒன்று, அடியை நேராக ஒன்று, அடியைச் சாய்த்து வெளிச்சம் வழுக்கும்படி ஒன்று, கோல்களின் நெருக்கப் படம் ஒன்று. ஃபிளாஷ் வேண்டாம், மேகமூட்டமான பகல் வெளிச்சம் போதும். கீழே கறுப்புத் துணி விரியுங்கள்.

பக்கவாட்டுப் படத்தை யாரும் எடுப்பதில்லை. எனக்கும் அது தோன்றவில்லை. ஆனால் கவிகை, அதாவது மேலே கவிந்த பகுதி, எவ்வளவு உயரம், தோள் எப்படி வளைகிறது, பூக்கள் அடியிலிருந்து எவ்வளவு மேலே மிதக்கின்றன என்பதெல்லாம் அந்தப் படத்தில்தான் தெரியும். சான்லூயி என்ற இன்னொரு பிரெஞ்சுப் பட்டறையின் பழைய உருண்டைகளில் கவிகை பக்காராவைவிடச் சற்று உயர்ந்திருக்கும் என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இந்தக் கோணத்தை வைத்துத்தான்.

3. தலைகீழாகத் திருப்புங்கள்

முக்கால்வாசிப் பதில் அடியில் இருக்கிறது. நிதானமாகப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு நீங்கள் வாங்கும் பொருள்களிலேயே அதிகம் பயன்படப்போவது அதுதான்.

முதலில் தழும்பு. உருண்டையைச் செய்யும்போது அதன் அடியை ஓர் இரும்புக் கோலில் ஒட்டிப் பிடித்திருப்பார்கள். உடைத்து எடுத்த இடத்தில் ஒரு வடு மிஞ்சும். அதை அப்படியே சொரசொரப்பாக விட்டிருக்கிறார்களா, சாணை பிடித்துக் குழியாக மெருகேற்றியிருக்கிறார்களா, மொத்த அடியையும் தட்டையாக்கிவிட்டார்களா என்று பாருங்கள். 1845 முதல் 1860 வரையிலான பிரெஞ்சுப் பட்டறைகளின் நல்ல உருண்டைகளில் அடி கவனமாக மெருகேற்றப்பட்டிருக்கும். அடியில் பல முனை நட்சத்திரம் வெட்டியிருந்தால் பக்காராவை நினைக்கலாம். நினைக்கத்தான் சொல்கிறேன், முடிவு கட்டச் சொல்லவில்லை. மற்றவர்களும் நட்சத்திரம் வெட்டியிருக்கிறார்கள்.

அடுத்து தேய்மானம். உருண்டை மேசையில் உட்காரும் விளிம்பு வளையத்தைப் பாருங்கள். நூற்றைம்பது ஆண்டுகள் மேசையில் நகர்ந்த பொருளில் சிறுசிறு கீறல்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். ஆழமும் ஒன்றுபோல இராது. ஒரே திசையில், ஒரே ஆழத்தில், அழகாக வட்டமடிக்கும் கீறல் என்றால் யாரோ உப்புத்தாளில் தேய்த்திருக்கிறார்கள். மேசையைத் தொடவே வாய்ப்பில்லாத குழியின் நடுவில் கீறல் இருந்தாலும் அதே சந்தேகம்தான். நேர்மாறாக, வளையத்தில் தேய்மானமே இல்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். பொருள் புதிது, அல்லது யாரோ அண்மையில் மறுபடி மெருகேற்றியிருக்கிறார்கள்.

மறுமெருகு பற்றி ஒரு எச்சரிக்கை. மேலே விழுந்த சில்லுகளைப் போக்க, கண்ணாடியைச் சுற்றிலும் ஒரு பூச்சு சாணை பிடிப்பது இந்த உலகத்தில் சகஜம். அப்படிச் செய்தால் குறுக்களவு குறையும், வளைவு மாறும், ஓரக் கோல்கள் பரப்புக்கு மிக அருகில் வந்துவிடும். அப்புறம் பக்கவாட்டு வடிவத்தை வைத்து யாரையும் அடையாளம் காண முடியாது. விற்பவர்கள் இதைத் தாங்களாகச் சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்கவேண்டும்.

கடைசியாக முத்திரை. அமிலத்தால் அரித்த வட்டம், அதற்குள் குடுவையும் கோப்பைகளும், சுற்றி பக்காரா என்ற பெயர், இப்படி ஒன்று அடியில் இருந்தால் சந்தோஷப்படும் முன் யோசியுங்கள். அது பக்காராவின் முத்திரைதான், ஆனால் 20-ஆம் நூற்றாண்டு முத்திரை. 1840-களின் உருண்டைகளில் அது கிடையாது. பெயர் இருப்பதாலேயே பழையது இல்லை என்று தெரிந்துவிடுகிற விசித்திரம் இது.

4. தண்ணீரும் தராசும்

இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு பாத்திரம் தண்ணீர், கொஞ்சம் நூல் இருந்தால் சரி.

முதலில் உருண்டையை உலர்வாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, அளவைச் சுழியாக்குங்கள். உருண்டையை நூலில் வலை மாதிரி கட்டி, முழுதும் மூழ்கும்படி தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அடியையோ சுவரையோ தொடக்கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம்தான் உருண்டை விலக்கிய தண்ணீரின் எடை. உலர் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும்.

என்னுடையது உலர்வாக 640 கிராம். தண்ணீரில் தொங்கியபோது தராசு 210 காட்டியது. 640-ஐ 210-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3.05.

இதன் பொருள் என்ன? சாதாரண சோடா சுண்ணாம்புக் கண்ணாடியின் அடர்த்தி 2.5 சுற்றி இருக்கும். ஈயம் நிறையச் சேர்த்த படிகக் கண்ணாடி 3-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் போகும். பழைய பிரெஞ்சு உருண்டைகள் ஈயக் கண்ணாடி. இத்தாலியின் முரானோ தீவுக் கண்ணாடி சோடா வகை. 1930-களில் சீனாவில் பிரெஞ்சு, அமெரிக்க உருண்டைகளைப் பார்த்துச் செய்த நகல்களும் ஈயமில்லாத இலேசான கண்ணாடிதான். ஆகவே பக்காரா என்று விற்கப்படும் ஒன்று 2.5 காட்டினால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் வெட்டும். 2.5 என்றால் 'அது இல்லை' என்று சொல்லலாம். 3.05 என்றால் 'அதுதான்' என்று சொல்ல முடியாது. இங்கிலாந்துக்காரர்களும் அமெரிக்கர்களும் ஈயக் கண்ணாடி செய்தார்கள், இன்றைய பக்காராவும் ஈயக் கண்ணாடிதான். 3.05 வந்த அன்று நான் வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அதைத் திரும்பப் பெற முடியவில்லை.

பிழை வரும் இடங்கள்: உருண்டையில் ஒட்டிய காற்றுக் குமிழிகளை விரலால் தடவி விடுங்கள். தராசு ஒரு கிராம் வரையாவது துல்லியம் காட்டவேண்டும். உள்ளே கூடாக ஊதிச் செய்த பழங்கள், அதாவது அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து கிளாஸ் கம்பெனியின் ஆப்பிள், பேரிக்காய் போன்றவை இந்தக் கணக்குக்கு ஒத்துவராது.

5. புற ஊதா விளக்கு

இதை நான் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். இருட்டறையில் புற ஊதா வெளிச்சம் பட்டால் கண்ணாடிகள் வெவ்வேறு நிறத்தில் ஒளிரும். குறைந்த அலைநீள விளக்கில் ஈயக் கண்ணாடி பொதுவாக வெளிர் நீலமாகத் தெரியும். அதிக அலைநீள விளக்கில், மாங்கனீசு கலந்த கண்ணாடி பச்சை காட்டும். யுரேனியம் சேர்த்த நிறங்கள் பளிச்சென்ற பச்சையாக எரியும். பசை வைத்து ஒட்டிய பழுதும் பெரும்பாலும் தனியாக ஒளிரும். எனக்கு இந்த விளக்கு உண்மையில் உதவியது அந்தக் கடைசி விஷயத்தில்தான்.

நிறத்தை நினைவில் வைத்து ஒப்பிடாதீர்கள், வலைப்படத்தோடும் ஒப்பிடாதீர்கள். செய்தவர் உறுதியாகத் தெரிந்த இன்னொரு உருண்டையை அதே விளக்கின் கீழ் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பயன். மலிவான டார்ச்சுகளில் ஊதா வெளிச்சமே அதிகம் கசிந்து எல்லாவற்றையும் நீலமாகக் காட்டும். குறைந்த அலைநீள விளக்கு கண்ணுக்கு ஆபத்து, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடவேண்டாம். இருக்கும் ஒரே ஓர் உருண்டைக்காக இதை வாங்குவது வீண் செலவு. சேகரிப்பாளர் யாரிடமாவது இருந்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

6. இப்போது உள்ளே பாருங்கள்

எல்லோரும் முதலில் செய்வதை நாம் ஆறாவதாகச் செய்கிறோம். வடிவமைப்பை விட்டுவிட்டு ஒவ்வொரு கோலாகப் பாருங்கள். வடிவமைப்பை யாரும் காப்பி அடிக்கலாம். ஆனால் கோல் செய்ய அச்சு வேண்டும், அந்த அச்சு பட்டறைக்குப் பட்டறை மாறும்.

பக்காராவில் கூர்மையான நட்சத்திரக் கோல்கள், மூன்று கால் அம்புக் குறி, மூவிலை வடிவம் இவற்றைத் தேடுங்கள். சேவல், அணில், யானை, குரங்கு, மான் என்று விலங்கு நிழலுருவங்கள் உள்ள கோல்களும் உண்டு. பட்டறை மேலாளர் ழான் பாப்டிஸ்ட் துசேனின் உறவுக்காரச் சிறுவன் எமில் கிரிடெல் காகிதத்தில் வெட்டிய உருவங்களிலிருந்து வந்தவை என்பதால் அவற்றைக் கிரிடெல் உருவங்கள் என்பார்கள். கவனம்: 1970-களில் பக்காராவே அவற்றை மறுபடி செய்தது. எனவே சேவலைப் பார்த்ததும் அடியில் முத்திரை உண்டா என்று திருப்பிப் பாருங்கள்.

சான்லூயியில் நடனமாடும் உருவங்கள், பிசாசு, ஒட்டகம் போன்ற நிழலுருவங்கள் வரும். வெள்ளை நூல் பின்னிய கூடைக்குள் குட்டிப் பழங்களும் காய்கறிகளும் வைத்த உருண்டை அவர்கள் புகழ்பெற்ற வகைகளில் ஒன்று. நடுவிலிருந்து வண்ண முறுக்குகள் கிரீடம்போல் இறங்கும் வகையும் அவர்களுடையதாகவே பெரிதும் அறியப்படுகிறது.

மூன்றாவது பிரெஞ்சுப் பட்டறையான கிளிஷிக்கு ரோஜா. மேலிருந்து பார்த்தால் விரியாத முட்டைக்கோஸ்போல் இதழ்கள் சுருண்டிருக்கும், பெரும்பாலும் இளஞ்சிவப்பு, சுற்றிப் பச்சை. நடுவிலிருந்து இரு வண்ணங்கள் காற்றாடிபோல் சுழன்று விரியும் உருண்டைகளும், பாசி படர்ந்த மாதிரி பச்சைத் தரையும் கிளிஷியின் கை. பொறி எங்கே என்றால், ரோஜா கிளிஷிக்கு மட்டும் சொந்தமில்லை. மற்றவர்களும் செய்தார்கள், சீன நகல்களிலும் வரும். ரோஜா இல்லாத கிளிஷி உருண்டைகளும் ஏராளம்.

இந்த மூன்றும் இல்லையென்றால் சோர்ந்து போகாதீர்கள். உலகத்தில் இருக்கும் பேப்பர்வெயிட்டுகளில் பெரும்பகுதி இந்த மூன்றும் அல்ல. பெரிய, கொஞ்சம் நசுங்கிய கோல்கள், தட்டை அடி, உலோகத்தாள் ஸ்டிக்கரின் மிச்சம் என்றால் முரானோ பக்கம் தேடுங்கள். கண்ணாடி சோப்புத் தடவினாற்போல் வழுக்கி, கைக்கு இலேசாகத் தெரிந்து, அடி ஒழுங்கில்லாமல் இருந்தால் 1930-களின் சீன நகலாக இருக்கலாம். எளிமையான பல்சக்கர வடிவக் கோல்கள் வெளிறிய நிறங்களில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டமிட்டால் இங்கிலாந்து. ஒற்றை ரோஜா கண்ணாடிக்குள் நிமிர்ந்து மலர்ந்து, கீழே பாதம் வைத்திருந்தால் அமெரிக்காவின் மில்வில். அங்கே ரால்ஃப் பார்பரின் ரோஜாதான் எல்லோரும் தேடுவது, அதனாலேயே அதற்கும் நகல் உண்டு.

7. கடைசியாக எழுத்தும் எண்ணும்

சரி, இப்போது பார்க்கலாம்.

பக்காராவின் தேதிக் கோல்களில் அதிகம் கிடைப்பவை 1846 முதல் 1849 வரை. அதிலும் 1847, 1848 சகஜம். தேதிக்கு மேல் வழக்கமாகப் பெயரின் முதலெழுத்தான 'பி' இருக்கும், எண்கள் வெவ்வேறு நிறத்தில் இருக்கும். சான்லூயியில் 'எஸ்எல்' என்ற இரண்டு எழுத்தும் தேதியும், 1848 அதிகம். கிளிஷியில் தேதி போடும் வழக்கம் இல்லை. 'சி' என்ற எழுத்து மட்டும் சிலவற்றில் கோலுக்குள் ஒளிந்திருக்கும்.

இனி பொறிகள். இவை கொஞ்சம் அதிகம்.

முதல் பொறி, என்னைப் பிடித்தது. எழுத்து எதுவும் இல்லாமல் வெறும் 1848 மட்டும் உள்ள இங்கிலாந்து உருண்டைகளும் மைக்கூடுகளும் சந்தையில் நிறைய உண்டு. நெடுங்காலம் அவற்றை லண்டனின் ஒயிட்ஃப்ரையர்ஸ் பட்டறை 19-ஆம் நூற்றாண்டில் செய்ததாகவே எல்லோரும் எழுதிவந்தார்கள். பின்னாள் ஆய்வு அவற்றை பர்மிங்காமின் ஆர்க்குலஸ், வால்ஷ் வால்ஷ் பட்டறைகளுக்கு, 1920-கள், 30-களுக்கு நகர்த்திவிட்டது. பழைய புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு பொருத்திப் பார்த்தால் இன்றும் தப்பான பதிலே வரும்.

இரண்டாவது, பக்காராவுக்குள்ளேயே ஒரு குழப்பம். 1930-களை ஒட்டி அங்கே வேலை செய்த துப்போன் என்பவர் பழைய பாணியில் உருண்டைகள் செய்தார், சிலவற்றில் 1840-களின் தேதியும் இருக்கிறது. பட்டறை சரி, தேதி பொய்.

மூன்றாவது, அமெரிக்க உருண்டைகளில் வரும் 1825. அது 1852-ஐ மாற்றி அடுக்கிய பிழை என்பதே பரவலான கருத்து. 1825 என்பதை வைத்து உலகின் மிகப் பழைய பேப்பர்வெயிட் என்று யாராவது விற்றால் புன்னகையோடு நகருங்கள்.

நான்காவது, எழுத்துகளின் குழப்பம். ஸ்காட்லாந்தில் பால் இசார்ட் தம் பெயரின் முதலெழுத்துகளான 'பிஒய்' என்பதைக் கோலாக வைத்தார். அதற்கும் போலி உண்டு. பெர்த்ஷயர் பேப்பர்வெயிட்ஸ் 1968 முதல் 2002 வரை இயங்கியது, அவர்களும் முதலெழுத்தைக் கோலில் வைத்தார்கள். ஒயிட்ஃப்ரையர்ஸ் உருண்டைகளில் வெள்ளை அங்கி அணிந்த துறவியின் உருவம் இருந்தால், அது 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அந்தப் பட்டறை 1980-இல் மூடப்பட்டது. துறவி உருவம் அதற்குப் பிறகு கெய்த்னெஸ் என்ற ஸ்காட்லாந்துக் கண்ணாடி நிறுவனத்தின் கைக்குப் போனது.

8. ஒப்பிட மூன்று வார இறுதிகள்

உங்கள் நோட்டில் இப்போது அளவு, அடர்த்தி, அடியின் விவரம், கோல்களின் பட்டியல் எல்லாம் இருக்கும். இனி ஒப்பிடலாம். இதற்குப் பணம் தேவையில்லை, பொறுமை வேண்டும்.

அருங்காட்சியகத் தொகுப்புகளிலிருந்து தொடங்குங்கள். நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம், சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் உள்ள ஆர்தர் ருப்லாஃப் தொகுப்பு, விஸ்கான்சின் மாநில நீனாவில் உள்ள பெர்க்ஸ்ட்ராம் மாலர் அருங்காட்சியகம், இந்த மூன்றும் பேப்பர்வெயிட்டுக்குப் பேர்போனவை. அங்கே பட்டறையின் பெயர் பலமுறை சரிபார்க்கப்பட்டிருக்கும். அடுத்து, பேப்பர்வெயிட்டை மட்டுமே விற்கும் ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்கள். கடைசியில்தான் பொதுவான விற்பனைத் தளங்கள்.

விற்பனைத் தளத்தில் நூறு பேர் ஒரே மாதிரி உருண்டையைப் பக்காரா என்று எழுதியிருந்தால், அது நூறு சான்று ஆகாது. ஒருவர் எழுதியதை மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் பார்த்து எழுதியிருப்பார்கள். நான் அப்படி நாற்பது படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு பெருமைப்பட்டவன்.

ஏலப் பட்டியலின் சொற்களைக் கூர்ந்து படியுங்கள். 'பக்காரா' என்று மட்டும் இருந்தால் அவர்கள் பொறுப்பேற்கிறார்கள். 'பக்காராவினது எனக் கருதப்படுவது' என்றால் பாதிப் பொறுப்பு. 'பக்காரா பாணி' என்றால் பக்காரா இல்லை என்று பொருள். மூன்றுக்கும் விலை வித்தியாசம் மலையும் மடுவும்.

9. நிபுணரிடம் போகும்போது

இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் குழப்பாதீர்கள். 'யார் செய்தது' என்பது ஒன்று, 'என்ன விலை' என்பது இன்னொன்று. அருங்காட்சியகங்கள் பொதுவாக இரண்டாவதற்குப் பதில் சொல்லாது, முதலாவதற்கும் ஒப்பிடும் தகவல்தான் தரும். ஏல நிறுவனங்கள் பலவும் போட்டோவைப் பார்த்து இலவசமாகவே கருத்துச் சொல்லும். விற்கச் சொல்லி நீங்கள் அவர்களிடம் கொடுப்பீர்கள் என்ற எதிர்பார்ப்பு அதில் உண்டு என்பதை மறக்கவேண்டாம். 1953-இல் தொடங்கிய பேப்பர்வெயிட் கலெக்டர்ஸ் அசோசியேஷன் போன்ற சங்கங்களில் இருப்பவர்கள் பார்வைக்கே பலதைச் சொல்லிவிடுவார்கள்.

காப்பீட்டுக்கோ பாகப்பிரிவினைக்கோ எழுத்து மதிப்பீடு வேண்டும் என்றால்தான் கட்டணம் கட்டுங்கள். கட்டணம் மணிக்கணக்கிலோ மொத்தமாகவோ இருக்கட்டும். பொருளின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்பவரிடம் போகாதீர்கள், மதிப்பு ஏற ஏற அவருக்குத்தானே லாபம். கையில் எடுத்துப் பார்க்காமல் எழுதித் தருவதாகச் சொன்னாலும் வேண்டாம். என் முதல் கட்டணம் போனது அந்த வழியில்தான்.

மின்னஞ்சலில் கேட்டால் இரண்டு மூன்று வாரம் பதில் வராமல் இருக்கலாம், அது சகஜம். ஐந்து போட்டோவும் அளவும் அடர்த்தியும் முதல் கடிதத்திலேயே போனால் ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து மிச்சம். உங்கள் யூகத்தை மட்டும் எழுதாதீர்கள். "இது பக்காராவா?" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்றுதான் பதில் வரும். "இது என்ன?" என்று கேளுங்கள்.

அனுப்பவேண்டி வந்தால் பெட்டிக்குள் பெட்டி. உருண்டை உள்பெட்டியில் அசையவே கூடாது. குளிர் நாட்டிலிருந்து வந்த பார்சலை உடனே பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம் அப்படியே விடுங்கள்.

சுங்கம் இன்னொரு தலைவலி. நூறு ஆண்டுகளைத் தாண்டிய பழம்பொருளுக்கு உலகச் சுங்கப் பட்டியலில் 9706 என்ற தனித் தலைப்பு இருக்கிறது. வரி விதிப்பும் ஏற்றுமதி அனுமதியும் நாட்டுக்கு நாடு மாறும். படிவத்தில் அந்தத் தலைப்பைப் போடும் முன், வயதைக் காட்ட உங்களிடம் காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள். என் உருண்டை வந்த பார்சலில் 'நூறு ஆண்டுக்கு மேற்பட்டது' என்று போட்டிருந்தது. அப்படிச் சொல்லவைத்தது அந்த 1848 என்ற எண் மட்டும்தான். அது 1930-களின் பொருள் என்றால் நூறு இன்னும் நிறையவில்லை.

10. நோட்டில் என்ன எழுதுவது

பட்டறையின் பெயரை எழுதும்போது அதற்குப் பக்கத்திலேயே எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். உறுதி, பெரும்பாலும், தெரியவில்லை என்ற மூன்றில் ஒன்றையும் போடுங்கள். 'தெரியவில்லை' என்று எழுதுவதில் வெட்கமில்லை. நிறைய உருண்டைகளுக்குச் செய்தவர் பெயர் கடைசிவரை கிடைக்காது.

என் நோட்டில் இப்போது இருக்கும் வரி இதுதான்: "இங்கிலாந்து, பர்மிங்காம், ஆர்க்குலஸ் அல்லது வால்ஷ் வால்ஷ், 1920-கள் அல்லது 30-கள், பெரும்பாலும். அடர்த்தி 3.05. வெளிறிய பல்சக்கரக் கோல்கள். அடி வளையத்தில் தேய்மானம் குறைவு. 1848-க்கு மேல் எழுத்து இல்லை." அதன் கீழே, விற்றவர் சொன்ன பெயரை அடிக்காமல் 'சொன்னது' என்ற தலைப்பில் விட்டுவைத்திருக்கிறேன்.